சரியான விடைகளை அடித்தவள்

அனுப்புநர்:
சி. வீரபத்திரன்,
லுங்கித் தரம் பார்ப்பவர் (இருபத்திரண்டு வருட அனுபவம்),
மேட்டுத் தெரு, திருத்தணி,
செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு தேர்வுப் பொறுப்பு அலுவலர் அவர்கள்,
உறைவிடப் பள்ளி நுழைவுத் தேர்வு அலுவலகம்,
சென்னை.

பொருள்: ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வு – பதிவு எண் 2148, செல்வி ப. கோமளவல்லி – சரியான விடைகள் மீது கோடு போட்ட காரணத்தால் மதிப்பெண் இல்லாமல் போனது – விடைத்தாளை மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டுவது தொடர்பாக.

பார்வை: 2.5.1974 அன்று வெளியான தேர்வு முடிவுப் பட்டியல் (அதில் மேற்படி எண் இல்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது இப்படித்தான் முடியும் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். புது முறைத் தேர்வு என்று தை மாதத்தில் அறிவிப்பு வந்த அன்றே, மேட்டுத் தெரு முழுக்கக் கேட்கும்படி, "இதுல ஒரு கோளாறு நடக்கும், எழுதி வெச்சிக்கோங்க" என்றேன். யாரும் எழுதி வைத்துக்கொள்ளாததால் இப்போது சாட்சி காட்ட இயலவில்லை. இந்த ஊர் ஆந்திராவின் சித்தூர் ஜில்லாவை விட்டுத் தமிழ்நாட்டுப் பக்கம் வரும் என்பதையும் மூன்று வருடம் முன்னதாகவே சொன்னவன் நான். ஆனால் இந்தக் கோளாறு என் தங்கை மகள் கையால் நடக்கும் என்பதை மட்டும் சொல்லத் தவறிவிட்டேன்.

2. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அதுவும் அந்தக் காலத்தில் இங்கிருந்த தெலுங்குப் பள்ளியில். தமிழ் எழுத்து நானாகவே சினிமா நோட்டீஸிலும் பத்திரிகையிலும் பார்த்துக் கற்றது. என் கையெழுத்தில் தெலுங்குச் சாயல் விழும் என்பதால் இம்மனுவை நல்ல கையெழுத்துள்ள ஒருவரைக் கொண்டு படியெடுத்து அனுப்புகிறேன். ஆயினும் ஐந்து வருடமாக ஞாயிறுதோறும் எங்கள் தெருப் பிள்ளைகளை என் வீட்டில் உட்கார வைத்து, தங்கள் தேர்வுக்குத் தயார் செய்து வருகிறேன். முன்பெல்லாம் தேர்வு என்றால் சொல்வதெழுதுதல், பசுவைப் பற்றி ஒரு கட்டுரை, பத்துக் கணக்கு. நான் வாக்கியம் சொன்னால் பக்கத்து ஊரான கே.ஜி.கண்டிகையில் உள்ள பிள்ளைகூட எழுதிவிடும், குரல் அப்படி. என்னிடம் படித்து இதுவரை பதினோரு பிள்ளைகள் தேறியிருக்கிறார்கள். எங்கள் பள்ளித் தலைமை ஆசிரியை திருமதி காஞ்சனா அவர்கள் மூன்று என்பார். அவர் தேறியவர்களை மட்டும் எண்ணுகிறார். நான் தேறியிருக்க வேண்டியவர்களையும் சேர்த்துக்கொள்கிறேன்.

3. இந்த வருடம் கட்டுரையும் இல்லை, சொல்வதெழுதுதலும் இல்லை. நூறு கேள்வி, கேள்விக்கு நான்கு விடை, நான்கில் ஒன்றைக் காட்ட வேண்டும் என்றார்கள். எப்படிக் காட்டுவது என்பதற்கு மாதிரித் தாள் ஏதும் எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை.

4. இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றித் தாங்கள் தெரிந்துகொள்வது அவசியம். பொதட்டூர்பேட்டையில் ஒரு வியாபாரியின் கிடங்கில் நான் வேலை பார்க்கிறேன். நெய்து வரும் லுங்கியைப் பிரித்துப் பார்த்து, இழை விட்டிருக்கிறதா, கரை கோணியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். குறை இல்லையென்றால் மூலையில் நீல சாக்பீஸால் ஒரே இழுப்பாகக் கோடு அடிப்பேன். கோடு விழுந்தால் அது தேறியது. கோடு இல்லாதது தறிக்காரர் வீட்டுக்கே திரும்பிப் போகும். எங்கள் பக்கத்து நெசவு வீடுகளில் "அடிச்சாச்சா?" என்று கேட்டால் "தேறிச்சா?" என்று பொருள். கோமளவல்லி நடக்கப் பழகிய நாளிலிருந்து, அவள் அப்பன் பங்காரு மச்சான் முறையில் என்னைப் பார்த்து, "பாவா, எங்க சரக்கு அடிச்சாச்சா?" என்று கேட்பதைக் கேட்டே வளர்ந்தவள். தங்கள் அலுவலகத்தில் அடித்தல் என்றால் நீக்குதல். எங்கள் தெருவில் அப்படி இல்லை.

5. 10.2.1974 ஞாயிறு அன்று அரக்கோணத்திலிருந்து திருத்தணி திரும்பும் பாசஞ்சரில், என் எதிர் இருக்கையில் கோட்டுப் போட்டு மூக்குக்கண்ணாடி அணிந்த ஓர் உயர் அதிகாரி உட்கார்ந்திருந்தார். பெட்டியில் நாங்கள் இருவர் மட்டுமே. பேச்சுக் கொடுத்ததில், புதிய தேர்வுத் தாளை வகுத்த குழுவில் அவரும் ஒருவர் என்று தெரிந்தது. என் ஐந்து வருட அனுபவத்தைக் கேட்டு வியந்து, ரகசியமாக இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, சரியான விடையை ஒரே கோடாக அடிக்க வேண்டும். இரண்டு, தாளின் முதல் பக்கத்தில் வேறு விதமாக ஒரு மாதிரி அச்சாகியிருக்கும். அது அவசரப்படும் பிள்ளைகளைப் பிடிக்க வைத்த பொறி, அதை நம்பக் கூடாது.

6. இதை நான் சொன்னபோது சைக்கிள் கடை நஜீர் அகமது நம்பவில்லை. அவர் மகள் ஷரீபுன்னிசாவும் என்னிடம் படித்த ஏழு பிள்ளைகளில் ஒருத்தி. வாசலில் நின்று, "இன்னா வீரபத்திரா, லுங்கிக்கு அடிக்கிற கோட்டைப் பேப்பர்லயும் அடிக்கச் சொல்றியாமே? ரைட்டு போடணும்னு இல்ல அரக்கோணத்துல சொல்லிகினு இருக்காங்க?" என்றார். அதிகாரி சொன்னதை விளக்கினேன். "கோட்டுப் போட்ட ஆளு நம்ம பாசஞ்சர்ல எதுக்குப்பா வரப்போறான்?" என்று சிரித்தார். அடுத்த ஞாயிறு மகளை அனுப்பவில்லை. தெருக்காரர்கள் நாலைந்து பேர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோமளவல்லி சுவரோரம் உட்கார்ந்து தறிக்கு நூல் சுற்றியபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கேட்டுகினியா கோமளா, பெரிய ஆபீசர் சொன்னத?" என்றேன். "ஆங், மாமா" என்றாள்.

7. அவளைப் பற்றி நான் கூட்டிச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. நூல் சுற்றும் ராட்டினம் ஒரு சுற்று வருவதற்குள் ஒரு நதியின் பெயர் சொல்வாள். பதினாறாம் வாய்ப்பாடு தலைகீழாக வரும். தங்கள் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு தேசப்படப் புத்தகம் கொடுப்பார்கள் என்று அறிவிப்பில் இருந்தது. அந்த வரியை மட்டும் கத்தரித்து அவள் கணக்கு நோட்டில் ஒட்டி வைத்திருந்தாள். எங்கள் தெருவில் எட்டாவதைத் தாண்டிய பெண் பிள்ளை இதுவரை இல்லை. பங்காரு அரக்கோணத்திலிருந்து ஒரு தகரப் பெட்டி வாங்கி வந்து, மூடியில் வெள்ளைப் பெயிண்டால் அவள் பெயரை எழுதி வைத்தான். வருகிற ஜூலையில் அவளுக்குப் பதினொன்று முடிகிறது. அடுத்த வருடம் விண்ணப்பிக்க வயது இடம் கொடாது. ஆகவே அவளுக்கு இருந்தது இந்த ஒரே தேர்வுதான்.

8. மார்ச் 17 அன்று அரக்கோணத்தில் தேர்வு. முதல் பக்கத்தில், சரியான விடைக்கு எதிரே உள்ள கட்டத்தில் 'டிக்' குறி போட வேண்டும் என்று படத்தோடு அச்சாகியிருந்ததாம். "அடித்து நீக்கிய விடைகள் ஏற்கப்படமாட்டா" என்றும் இருந்ததாம். என் மற்ற ஐந்து பிள்ளைகளும் அதைப் பார்த்து அறையிலேயே மனம் மாறி டிக் போட்டுவிட்டு, வெளியில் வந்து என் முகத்தைப் பார்க்காமல் பஸ் ஏறினார்கள். கோமளவல்லி மட்டும் நூறு கேள்விக்கும் நான் சொன்னபடியே கோடு அடித்தாள். ஷரீபுன்னிசாவுக்கு அவள் பக்கத்து மேசை. "நான் காலைத் தட்டித் தட்டிக் காட்டினேன் மாமா, அவ நிமிர்ந்தே பாக்கல" என்று அந்தப் பெண் என்னிடம் அழுதது.

9. மறுநாள் காஞ்சனா டீச்சர், ஷரீபுன்னிசா கொண்டுவந்த கேள்வித்தாளை வைத்துக்கொண்டு, கோமளவல்லி எதை எதை அடித்தாள் என்று அவளிடமே ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்த்தார்கள். நூற்றில் தொண்ணூற்று நான்கு சரி. பெருமைக்குச் சொல்பவனாக இருந்தால் நூறு என்று எழுதியிருப்பேன். டீச்சர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஏம்மா, முதல் பக்கத்தைப் படிச்சதானே?" என்று கேட்டார்கள். "படிச்சேன் டீச்சர்." "அப்புறம் ஏன்?" அன்று முதல் "ஆங்", "இல்ல" என்ற இரண்டைத் தவிர அவள் வாயிலிருந்து வேறு வார்த்தை வரவில்லை.

10. இதற்குப் பிறகு நடந்ததை ஒரு மனுவில் எழுதலாமா என்று தெரியவில்லை. ஆனால் தாங்கள் தெரிந்துகொள்ளாமல் முடிவு எடுக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

பட்டியல் வந்தது. ஷரீபுன்னிசாவின் எண் இருந்தது, 2148 இல்லை. அன்று என் சட்டைப் பையிலிருந்த நீல சாக்பீஸ் காணாமல் போனது. மறுநாள் தகரப் பெட்டியின் மூடியில் அவள் பெயர் மேல் ஒரு நீலக்கோடு இருந்தது. துடைத்தோம். அடுத்த நாள் நதிகளின் பெயர் எழுதியிருந்த நோட்டில் பெயருக்கு ஒரு கோடு. அதற்கடுத்து நாள்காட்டி. நடந்து முடிந்த தேதியை அடித்தால் வழக்கம் என்று விட்டிருப்போம். ஒரு நாள் காலையில் என் தங்கை கன்னியம்மாள் ஓடி வந்து, "அண்ணா, இன்னும் வராத தேதிய அடிக்குதுண்ணா. தெனம் எழுந்ததும் நாளைக்குத் தேதிய அடிக்குது" என்றாள். போய்ப் பார்த்தேன். அன்று ஒன்பதாம் தேதி. பத்தின் மேல் கோடு இருந்தது. அந்தப் பத்தாம் தேதி முழுவதும் நாங்கள் யாரும் நிம்மதியாகச் சோறு தின்னவில்லை.

விண்ணப்பத்துக்காக அரக்கோணம் ஸ்டுடியோவில் எடுத்த அவள் புகைப்படத்தில் ஒரு பிரதி மீதி இருந்தது. பின்புறம் ஸ்டுடியோ முத்திரையும் 10.2.74 என்ற தேதியும் உள்ளன. அதை மாடத்தில் சாய்த்து வைத்திருந்தோம். ஒரு நாள் பார்த்தால் முகத்தின் குறுக்கே, கண்ணுக்குக் கீழே, ஒரே இழுப்பாகக் கோடு. என் கோடு போலவே இருந்தது ஐயா, அந்த இழுப்பு. கிடங்கில் இருபத்திரண்டு வருடம் நான் இழுத்த இழுப்பு.

11. மே 15 காலை வெயில் ஏறும் முன்பு மலைப்படியில் கூட்டம் கூடியிருப்பதாகச் சொன்னார்கள். அடிவாரத்திலிருந்து படிக்கு ஒன்றாக நீலக்கோடு. மஞ்சளும் குங்குமமும் வைக்கிற படிகளின் மேல் யாரோ கோடு இழுத்திருக்கிறார்கள் என்று மூவாயிரம் பேர் நின்று பார்த்தார்கள் (முந்நூறுக்குக் குறையாது). "எவனோ செய்வினை வெச்சிருக்கான், தாண்டாதீங்க" என்று பூக்காரி குப்பம்மாள் வழிமறித்தாள். வேண்டுதலுக்கு வந்த ஆந்திராக்காரர்கள் காலை எடுத்து வைக்கப் பயந்து நின்றார்கள். நான் தாண்டி ஏறினேன். எண்ணிக்கொண்டே ஏறினேன். நூறாவது படியில் கோடு முடிந்தது. நூற்றோராவது படியில் கோமளவல்லி உட்கார்ந்திருந்தாள். விரலெல்லாம் நீலம். என்னைப் பார்த்ததும் எழுந்து, பரீட்சைத் தாளைக் கொடுப்பதைப் போலத் தேய்ந்துபோன சாக்பீஸை என் கையில் வைத்தாள்.

12. அன்று முதல் தெருவில் "வேப்பிலை அடிச்சா சரியாப் போயிடும்" என்கிறார்கள். மறுபடியும் ஓர் அடி. நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவளைப் பிடித்திருப்பது பேயும் அல்ல பிசாசும் அல்ல. ஆனால் என்னை ஏதோ பிடித்திருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மத்தியானம் கரண்டு போய்க் கிடங்கில் விசிறி நின்றால் சாக்பீஸ் கீறும் சத்தம் கேட்கிறது. திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. லுங்கியை விரிக்கிறேன், குறை இல்லை என்று கண்ணுக்குத் தெரிகிறது, கோடு அடிக்கக் கை வரவில்லை. அடித்தால் அது நீங்கிவிடுமோ என்று தோன்றுகிறது. சென்ற வாரம் முதலாளி, "இன்னா வீரபத்திரா, ஊருல எவன் நெய்ததும் தேறலையா?" என்று கேட்டார். என்னைச் சுற்றி ஆளுயரத்துக்குக் கோடு விழாத லுங்கிகள் கிடந்தன.

13. ஆகவே தங்களிடம் நான் கேட்டுக்கொள்வது:

2148ஆம் எண் விடைத்தாளை வெளியில் எடுக்க வேண்டும். நான்கு விடைகளில் ஒன்றின் மீது மட்டுமே கோடு இருக்கும். தெரியாத பிள்ளை கண்டபடி கோடு போட்டிருந்தால் தொண்ணூற்று நான்கு கோடுகள் சரியான விடைகளின் மேலேயே போய் விழுமா என்பதைத் தாங்களே நிதானிக்க வேண்டும். கோடுகளை டிக் குறிகளாகக் கொண்டு மதிப்பெண் தர இயலுமானால் தர வேண்டும். விதி இடம் தராவிட்டால், சேர்க்கை முடியும் ஜூன் 7க்குள், தங்கள் கண்ணெதிரிலேயே வேறு கேள்வித்தாள் கொடுத்து அரை மணி நேரம் அவளை உட்கார வைக்க வேண்டும். சென்னைக்கு எந்த நாளில் வரச் சொன்னாலும் அழைத்து வருகிறேன். தேர்வு முறையை மாற்றும் வருடங்களில் மாதிரித் தாள் ஒன்றை எங்களைப் போன்ற ஊர்த் தெருக்களுக்கும் முன்கூட்டியே அனுப்பிவைத்தால், அரைகுறையாகத் தெரிந்தவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நிலைமை வராது.

14. இதற்குக் கீழே உள்ளது என் சொந்தக் கை. எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை தாங்கள் படித்த நல்ல கையெழுத்து கோமளவல்லியுடையது. மார்ச் 17க்குப் பிறகு அவள் எழுதிய முதல் எழுத்து இதுதான். எழுதுவாளோ மாட்டாளோ என்று பயந்துகொண்டேதான் என் குறிப்புகளைக் கொடுத்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். பெட்டியைப் பற்றியும் புகைப்படத்தைப் பற்றியும் படிகளைப் பற்றியும் நான் எழுதியதை ஒரு சொல் மாற்றாமல் படியெடுத்தாள். இன்று காலை கையெழுத்துப் போட எடுத்தபோதுதான் பார்த்தேன். ஐந்தாம் பத்தியில், எதிர் இருக்கை அதிகாரி வரும் வரியிலிருந்து பத்தி முடியும் வரை, ஸ்கேல் வைத்து வரிக்கு ஒரு கோடாக அடித்திருக்கிறாள். தாங்களும் கவனித்திருப்பீர்கள். வேறு எதையும் அடிக்கவில்லை. பதினோரு பிள்ளைகளைக்கூட விட்டுவைத்திருக்கிறாள்.

அப்படி ஓர் அதிகாரி இல்லை ஐயா.

அன்று அந்தப் பாசஞ்சரில் என் எதிர் இருக்கையில் உட்கார்ந்திருந்தது கோமளவல்லி. புகைப்படம் எடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வேர்க்கடலை மடித்துக் கொடுத்த பத்திரிகைத் துண்டில் புதிய தேர்வைப் பற்றி ஏதோ இருந்தது. "சரியான விடைக்கு" என்று ஓரிடத்தில், "அடிக்க வேண்டும்" என்று மற்றோரிடத்தில். நடுவில் கிழிந்திருந்தது. "நடுவுல இன்னா மாமா இருந்திருக்கும்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "இன்னா இருக்கும்? கோடுதான்" என்றேன். பிறகு நஜீர் அகமது தெருவில் நின்று கேட்டபோது, அந்த இடத்திலேயே அதிகாரிக்குக் கோட்டும் கண்ணாடியும் மாட்டினேன். முதல் பக்கத்துப் பொறியும் அப்போது வாயில் வந்ததுதான்.

ஆகவே அது பொய் என்று அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தேர்வு அறையில் அச்சில் இருந்த மாதிரியைப் பார்த்தபோதும் தெரியும். கட்டத்தில் டிக் போட்டிருந்தால் அவள் தேறியிருப்பாள், என் வார்த்தை தெருவில் எல்லோர் முன்னும் பொய்யாகியிருக்கும். அதற்காகத்தான் அடித்தாளா என்று நான் அவளைக் கேட்கவில்லை. கேட்டால் "ஆங், மாமா" என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

கோடு விழுந்த இந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறொருவரைக் கொண்டு புதிதாக எழுதி வாங்கலாம் என்று ஒரு நாழிகை யோசித்தேன். பிறகு அப்படியே அனுப்புவது என்று முடிவு செய்தேன். தங்கள் விதிப்படி எது நீக்கப்பட வேண்டுமோ அதைத்தான் இந்தத் தாளில் அடித்திருக்கிறாள். அவளுக்கு விதி புரியும் என்பதற்கு இதையே அத்தாட்சியாக எடுத்துக்கொண்டு 2148ஐத் திறந்து பாருங்கள். தண்டனை ஏதும் உண்டென்றால் என் முகவரி மேலே உள்ளது.

இன்று காலை நாள்காட்டியையும் போய்ப் பார்த்தேன். நாளைய தேதி அடிக்கப்படாமல் இருக்கிறது. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

இடம்: திருத்தணி
நாள்: 27.5.1974

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
சி. வீரபத்திரன்
(ப. கோமளவல்லியின் தாய்மாமன்)